கவ்வாத்துக் கத்திக்கு ஒரு பொட்டு

ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு இப்படிச் சொல்கிறது: "ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூசை நாளில், உரிமையாளர் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால், காட்சிக்கு வைத்திருக்கும் பொருளைப் பெட்டியிலிருந்து எடுத்து வழிபாட்டுக்காக அவர் கையில் கொடுக்க வேண்டும். கோரிக்கை கிடைத்த பத்து வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தரப்படும்." மூலம் மலாய் மொழியில் இருக்கிறது. நல்ல மலாய். எழுதியது நான்.

பொருள் என்பது ஒரு கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மொட்டையடிப்பதைத் தோட்டத்தில் கவ்வாத்து என்போம். அதற்கென்று ஒரு வளைந்த, கனமான கத்தி உண்டு. உரிமையாளர் என் மனைவியின் அண்ணன். கேமரன் மலையில் நான் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த அதே தோட்டத்தில்தான் அவர் கவ்வாத்து வெட்டினார். வேலை நேரத்தில் என்னைக் கிராணி ஐயா என்பார். வேலை முடிந்ததும் மாப்ள. நான் அவர் பெயரைப் பேர்ப்பட்டியலில் எழுதினேன். அவர் எனக்குத் தன் தங்கையைக் கொடுத்தார். இதில் லாபம் யாருக்கு என்ற வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இப்போது கவ்வாத்தை இயந்திரம் செய்கிறது. மச்சானுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. "மிசின் முன்னாடியே வந்திருந்தா என் முட்டி தப்பிச்சிருக்கும்லா" என்பார். கத்தியை மட்டும் எண்ணெய் போட்டுத் துணி சுற்றி வைத்திருந்தார். ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அதை வெளியே எடுத்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்குக் கீழே மணையில் உட்கார வைப்பார். மறுநாள் மீண்டும் துணிக்குள் போய்விடும்.

அந்தக் கத்தி கோலாலம்பூருக்குப் போனது என் உபயம். தலைநகரத்தின் பெரிய பூங்காவில் இருக்கும் அருங்காட்சியகங்களில் ஒன்று தோட்டத் தொழில்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கத் தீர்மானித்தது. பொருள் சேகரிக்க ஒரு அதிகாரி மலைக்கு வந்தார். தோட்ட அலுவலகத்தில் விசாரித்தபோது அவர்கள் பிரிஞ்சாங்கில் இருக்கும் என் வீட்டைக் காட்டினார்கள். தங்களுக்குத் தெரியாத எல்லாவற்றையும் அவர்கள் இப்படித்தான் என்னிடம் அனுப்புகிறார்கள். ஓய்வூதியத்தில் அதற்கெனத் தனியாக எதுவும் சேர்ப்பதில்லை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் இருக்கும் மச்சானின் வீட்டுக்கு அதிகாரியை அழைத்துப் போனேன். மச்சான் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "ஆயுத பூசைக்குக் கத்தி என் கையில இருக்கணும்." அதைத்தான் நான் ஏழாவது பிரிவாக மாற்றினேன். அதிகாரி பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். கண்காட்சி ஆறு மாதம் என்றார்கள். பிறகு நீட்டித்தார்கள். மறுபடியும் நீட்டித்தார்கள். சுருக்கொப்பம் போட்டவர் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போனார்.

இதற்கிடையில் மச்சானின் வலது முட்டி முழுதாகக் கைவிட்டுவிட்டது. தீபாவளி கழிந்ததும் ஈப்போவில் அறுவைச் சிகிச்சை என்று மருத்துவர் தேதி கொடுத்தார். மச்சான் மருத்துவரிடம் தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்து எங்களிடம் வேறு பேசினார்.

"டாக்டரு எனக்குக் கத்தி வைக்கிறதுக்கு முந்தி என் கத்திக்கு நான் பொட்டு வைக்கணும், மாப்ள. வைக்கலன்னா நான் ஈப்போவுக்கு வரல."

"அதுக்கும் இதுக்கும் என்னா மச்சான் சம்பந்தம்?"

"முப்பது வருசம் மேல அந்தக் கத்திய காலுக்குப் பக்கத்துல வீசியிருக்கேன். ஒரு தடவ கூட என் மேல பட்டதில்ல. அது எனக்குப் பண்ணது அது. நான் அதுக்குப் பண்றது இது. இப்ப இன்னொரு கத்தி வருது. மொதக் கணக்க முடிக்காம எப்பிடி?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அந்தப் பார்வைக்கு வக்கீல் நோட்டீசின் மதிப்பு உண்டு. கத்தியைக் கொடுக்க வைத்தவன் நான், மீட்கவும் நானே.

உடனே விண்ணப்பம் எழுதினேன். ஒப்பந்தத்தின் நகல் இணைத்து, பதிவுத் தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. பத்து வேலை நாட்கள் போயின. தொலைபேசியில் கேட்டபோது, கடிதம் வந்திருக்கிறது, பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். நான் அலுவலகத்தில் இருந்த காலத்தில் இதே வாக்கியத்தைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பதில் வராததை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆயுத பூசையன்று தானா ராத்தாவிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பும் முதல் பஸ்ஸில் மூவரும் ஏறினோம்.

மனைவி ஒரு பையில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம் பழம், பொரிகடலை, புளிச்சோறு என்று எல்லாம் வைத்திருந்தாள். கியா பார்மில் தெரிந்தவர் தோட்டத்திலிருந்து அன்று விடிகாலை பறித்த மஞ்சள் செவ்வந்தி ஒரு கட்டு தனியாக இருந்தது. அதைத் தலைக்கு மேல் தட்டில் வைத்தோம். இறங்கும்போது மச்சானின் கால், மச்சானின் கைத்தடி, மச்சானின் சால்வை ஆகிய மூன்றையும் இறக்குவதில் எங்கள் கவனம் முழுவதும் செலவாகிவிட்டது. செவ்வந்தி பஸ்ஸோடு போய்விட்டது.

"பூ எங்கங்க?" என்றாள் மனைவி, டாக்சியில் ஏறிய பிறகு.

"பஸ்லயே இருக்கு."

"எதையும் மறக்காத ஆளுன்னு ஊரே சொல்லுது."

"நீ மேல வச்சத நான் எப்பிடி மறக்க முடியும்? நீதான் மறந்திருக்கணும்."

"சண்ட போடாதீங்கலா," என்றார் மச்சான். "பூ இல்லன்னா கத்தி கோவிச்சுக்காது. பொட்டுதான் முக்கியம்."

அருங்காட்சியகத்தில் பையைப் பெட்டகத்தில் வைக்கச் சொன்னார்கள்; சந்தனமும் குங்குமமும் மட்டும் மனைவியின் கைப்பைக்கு மாறின. முகப்பு மேசையில் இருந்த பெண்ணிடம் ஒப்பந்த நகலை நீட்டினேன். அவர் உள்ளே பேசிவிட்டு, பொறுப்பதிகாரி கூட்டத்தில் இருக்கிறார், மூன்றரைக்கு வாருங்கள் என்றார். அதுவரை கத்தியைப் பார்க்கத் தடையில்லை.

தேயிலைப் பகுதி மூலையில் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள், பழுப்புத் துணி விரித்த பலகையின்மேல், மூன்று கம்பிகள் தாங்க, மச்சானின் கத்தி சாய்ந்து நின்றது. கீழே ஒரு அட்டை. மச்சானுக்குப் படிக்கக் கண்ணாடி தேவைப்பட்டதால் நான் வாசித்தேன்.

"கவ்வாத்துக் கத்தி. இரும்பு, மரம். கேமரன் மலை. தனியார் சேகரிப்பிலிருந்து இரவல்."

"தனியார் சேகரிப்புன்னா யாரு?"

"நீங்கதான் மச்சான்."

"நானா? எங்கிட்ட இருந்ததே ஒரு கத்திதான்லா."

"அத அவங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்காத அண்ணே," என்றாள் மனைவி. "பெரிய ஆளுன்னு நெனச்சிருக்காங்க. அப்பிடியே இருக்கட்டும்."

மச்சான் கண்ணாடிக்கு அருகில் குனிந்து நீண்ட நேரம் பார்த்தார். "யாரோ எண்ண போட்டிருக்கான். கைப்புடியும் தொடச்சிருக்கான். நல்லாப் பாத்துக்கிறாங்க" என்றார். குறை கண்டுபிடிக்க வந்து குறை கிடைக்காத மனிதரின் குரல் அது.

"தெனமும் ஓய்வுதானே அதுக்கு," என்றேன். "ஆயுத பூசைன்னாலே ஆயுதத்துக்கு ஓய்வு. இங்க வருசம் முழுக்க ஆயுத பூசைதான்."

"ஓய்வு வேற, சும்மா கெடக்கிறது வேற, மாப்ள. ஒனக்குத் தெரியாதா?"

ஓய்வு பெற்ற ஒருவனிடம் இதைக் கேட்டது நியாயமில்லை. மணி பார்த்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மூன்றரை வரை பூங்கா எங்களுடையது. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்குத் தலைநகரத்து வெயில் ஒரு தண்டனை. ஆனால் அந்தப் பூங்காவில் மரங்கள் அத்தனை பெரியவை, நிழல் பாதையைவிட அகலமாகக் கிடக்கிறது. மச்சான் ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்தார். பெஞ்சுகள் போதிய இடைவெளியில் இருந்தன. திட்டமிட்டவர் முட்டி வலி உள்ளவராக இருந்திருக்க வேண்டும். முதலில் ஆர்க்கிட் தோட்டம். கூரை வலைக்குக் கீழே ஊதா, வெள்ளை, புலிப் புள்ளி என்று தொட்டி தொட்டியாக நின்றன. ஒரு சுற்றுலாக் குடும்பம் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று படம் எடுத்தது. மச்சான் என் காதில், "இதுக்கா இவ்வளவு தூரம் வர்றாங்க? மேல நம்ம ஊர்ல ரோட்டோரமா வச்சு விக்கிறான்" என்றார். ஆனாலும் ஒரு மஞ்சள் பூவின் முன்னால் அவரும் நின்றார். என் மனைவி எடுத்த படத்தில் அவர் பூவைவிட விறைப்பாக இருக்கிறார்.

அடுத்து செம்பருத்தித் தோட்டம். அங்கேதான் மனைவிக்குப் பூ நினைவு மறுபடியும் வந்தது. செடிகள் நிறைய சிவப்பு, மஞ்சள், இரட்டை அடுக்கு. வாசலில் பலகை: பூப் பறிக்கக் கூடாது. தரையில் காலையில் விழுந்த பூக்கள் வாடாமல் கிடந்தன.

"பறிக்கத்தான் தடை," என்றேன். "விழுந்தத எடுத்தா அது குப்பை பொறுக்குற கணக்குல வரும். நன்றிகூட சொல்லுவாங்க."

"கீழ விழுந்த பூ சாமிக்கு ஆகாதுங்க."

"கத்தி சாமியா?"

"இன்னிக்கு அதான் சாமி," என்றார் மச்சான், பெஞ்சிலிருந்து. விவாதம் அத்தோடு முடிந்தது. பூவுக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன; ஒன்றுக்கு மட்டும்தான் என்னால் ஓட்டை கண்டுபிடிக்க முடிந்தது.

பெட்டகத்திலிருந்து எடுத்து வந்த புளிச்சோற்றை ஏரிக்கரையில் சாப்பிட்டோம். தண்ணீருக்கு அப்பால் நகரத்தின் கட்டடங்கள் வரிசையாக நின்றன. மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் காலை நீட்டி, "இங்க வந்து செத்தா பரவால்ல போல இருக்கு" என்றார். தங்கை அவரை அதட்டினாள். "நல்லாருக்குன்னு சொல்றேன்லா," என்றார் அவர். உண்மையில் மூவருக்குமே நன்றாக இருந்தது. ஏரிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தபோது பரிசீலனையில் இருக்கும் கோப்பு எதுவும் என் நினைவில் இல்லை.

திரும்பும் வழியில் இன்னொரு அருங்காட்சியகத்தின் முற்றத்தில் சாலை போடும் பழைய நீராவி உருளை ஒன்று வெளியிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. மச்சான் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு தங்கையிடம் கை நீட்டினார். அவள் கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துக் கொடுத்தாள். நான் பலகையை வாசித்தேன்: ஏறக் கூடாது, உட்காரக் கூடாது, பாகங்களைக் கழற்றக் கூடாது. பொட்டு வைக்கக் கூடாது என்று இல்லை. மச்சான் உருளையின் நெற்றிப் பக்கம் என்று தோன்றிய இடத்தில் கட்டை விரலால் ஒன்று வைத்தார்.

"யாரு வண்டியோ, இன்னிக்கு ஒரு வண்டி மொட்டையா நிக்கலாமா" என்றார்.

மூன்றரைக்குப் பொறுப்பதிகாரி வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும் மலாய்ப் பெண்மணி. மரியாதையாக உட்கார வைத்தார். ஏழாவது பிரிவை இரண்டு முறை வாசித்தார். இதை எழுதியவர் யார் என்று கேட்டார். சொன்னேன். தெளிவாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். ஆனால் கோப்பு சட்டப் பிரிவுக்குப் போயிருக்கிறது, திரும்பவில்லை, எழுத்து மூலமான பதில் இல்லாமல் பெட்டியைத் திறக்க முடியாது, சாவிக்கு இரண்டு கையொப்பம் வேண்டும், மன்னிக்க வேண்டும்.

புரிகிறது, உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் திறந்திருக்க மாட்டேன் என்று மலாயில் சொன்னேன். மச்சானுக்கும் மலாய் தெரியும் என்பதை அந்த நேரம் மறந்திருந்தேன்.

வெளியே வந்ததும் கேட்டார்: "நீயும் தொறக்க மாட்டியா, மாப்ள?"

"தொறக்க மாட்டேன் மச்சான்."

"சரி. அப்ப அந்தம்மா மேல தப்பில்ல."

மீண்டும் தேயிலைப் பகுதிக்கு நடந்தார். பெட்டிக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப ஈப்போ இல்ல" என்றார்.

"அண்ணே, சின்னப் புள்ள மாதிரி பேசாத. நடக்க முடியாமப் போயிரும்."

"நான் கோவத்துல சொல்லல தங்கச்சி. கோவமா இருந்தா நாளைக்குத் தணிஞ்சிரும். இது அப்பிடி இல்ல."

அவர் குரலில் கோபம் இல்லைதான். கோபம் இருந்திருந்தால் சமாதானம் பேசலாம். மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. நோட்டீசை விடவும் அது மோசம். எனக்குத் தெரிந்த மேல்முறையீட்டு வழிகளை மனதில் புரட்டினேன். எல்லாமே தீபாவளிக்கு அப்பால்தான் போய் முடிந்தன.

கூடத்தின் காவலர் நாங்கள் முதல் தடவை வந்ததிலிருந்தே எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். "கங்காணி மாதிரி நிக்கிறான்" என்று மச்சான் காலையிலேயே சொல்லியிருந்தார். நேபாளத்துக்காரர், ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் சீருடை. இப்போது பக்கத்தில் வந்து, வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் இங்கே அழைக்கும் முறையில் என் மனைவியை 'ஆண்ட்டி' என்று அழைத்து, உடம்பு சரியில்லையா என்று மலாயில் கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். கத்தி, பொட்டு, ஏழாவது பிரிவு, முட்டி.

அவர் கத்தியைப் பார்த்தார். தன் வீட்டிலும் ஒன்று இருக்கிறது என்றார். இதைப் போலவே வளைவு, இதைவிடப் பெரியது. அவர்கள் கம்போங்கிலும், அதாவது கிராமத்திலும், இந்த நாட்களில்தான் பூசை. மூன்று பண்டிகைக்கு வீட்டுக்குப் போகவில்லை. அன்று காலை தம்பி கைப்பேசியில் காணொளி அழைப்பு எடுத்துக் காட்டினானாம். கத்திக்குப் பூ வைத்து, பொட்டு வைத்து.

"நீங்க என்ன செஞ்சீங்க?" என்று மனைவி தன் மலாயில் கேட்டாள்.

விடுதியில் குங்குமம் இருந்தது, கைப்பேசியின் கண்ணாடிமேல் ஒரு பொட்டு வைத்தேன் என்றார். அம்மா அந்தப் பக்கம் அழுதுகொண்டே சிரித்தாராம். அப்புறம் பெட்டியின் கண்ணாடியைப் பார்த்தார். கூடத்தை மூடும்போது துப்புரவுப் பணியாளர் எல்லாக் கண்ணாடியையும் துடைப்பார் என்று, யாரும் கேட்காமலே, தகவலாகச் சொன்னார்.

நான் யோசித்தேன். ஒப்பந்தம் கத்தியைப் பற்றியது. கண்ணாடி அதில் வராது. பார்வையாளர் விதியில் உணவு, பூ, தீ, புகை தடை, குங்குமம் இல்லை. பெட்டியைத் தொடாதீர்கள் என்று மட்டும் ஒரு சிறிய பலகை பக்கத்தில் இருந்தது. அதைக் காட்டினேன். காவலர் நகர்ந்து போய் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டார்.

மச்சான் எழுந்தார். மனைவி சந்தனத்தைக் குழைத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடிமேல் கை வைக்கும்போதுதான் சிக்கல் தெரிந்தது. கண்ணாடிக்கும் கத்திக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி.

"இங்கயா?"

"கீழ அண்ணே. இன்னும் கீழ. இப்ப எங்கயோ மேல போவுது."

"எனக்குச் சரியா கத்தி நடுவுலதான் தெரியுது."

"எனக்குச் சுவத்துல தெரியுது," என்றேன் நான்.

மச்சான் நெட்டை. நான் நடுத்தரம். மனைவி எங்கள் இருவருக்கும் கீழே. அவர் கண்ணுக்குக் கத்தியில் இருக்கும் பொட்டு என் கண்ணுக்குச் சுவரிலும், அவள் கண்ணுக்கு எங்கோ மேலேயும் போனது. கொஞ்ச நேரம் மூன்று பேரும் முன்னும் பின்னும் நகர்ந்து, குனிந்து, நிமிர்ந்து பார்த்தோம். காவலர் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பினார். கடைசியில் மச்சானே தீர்ப்புச் சொன்னார்.

"ஆளுக்கு ஒண்ணு வைப்போம். அவங்கவங்க ஒசரத்துக்கு."

அப்படியே மூன்று பொட்டுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. பிறகு மனைவி காவலரைக் கூப்பிட்டாள். அவர் வந்து தன் உயரத்துக்கு நான்காவதை வைத்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு நெற்றியையும் நீட்டினார்; அவள் அதிலும் ஒன்று வைத்தாள். மச்சான் கைகூப்பி நின்றார். உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் பொறுப்பதிகாரி கூடத்தின் வழியாக வந்தார். நின்றார். கண்ணாடியைப் பார்த்தார், காவலரின் நெற்றியைப் பார்த்தார், கடைசியாக என்னை. "துப்புரவுக்காரர் வந்ததும் துடைக்கச் சொல்லுங்கள்" என்று காவலரிடம் சொல்லிவிட்டு நடந்தார். வாசல்வரை போய், "இப்போதே அல்ல, மூடும்போது" என்று திருத்தினார்.

"போலாம்" என்றார் மச்சான்.

"எங்கண்ணே?"

"மொதல்ல வீட்டுக்கு. அப்பறம் ஈப்போவுக்கு."

பொரிகடலைப் பொட்டலத்தைப் பெட்டகத்திலிருந்து எடுத்து, வாசலுக்கு வெளியே வைத்துக் காவலரிடம் கொடுத்தோம். கூடத்துக்குள் உணவுப் பொருள் தடை.

தீபாவளி கழிந்து ஈப்போவில் முட்டியைத் திறந்து மூடினார்கள். முந்தின நாள் மச்சான் மருத்துவரிடம், நீங்கள் உங்கள் கத்திக்கு என்றைக்காவது பொட்டு வைத்ததுண்டா என்று கேட்டிருக்கிறார். அவர் சீனர்; தன் மனைவி காருக்கு எலுமிச்சம் பழம் நசுக்குவாள், பக்கத்து வீட்டாரிடம் கற்றுக்கொண்டது என்றாராம். மச்சானுக்கு அது போதுமானதாக இருந்தது. மார்கழிக் குளிரில் லயத்தைக் கைத்தடியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு கைத்தடி இல்லாமல், தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தபடி சுற்றினார்.

அருங்காட்சியகத்தின் பதிலை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் என்னை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். நினைவூட்டல் கடிதம் மட்டும் அனுப்பவில்லை. அது என் வாழ்நாளிலேயே முதல் தடவை.

பதில் நல்ல தாளில், முத்திரையோடு வந்தது. விண்ணப்பம் ஏழாவது பிரிவின்கீழ் அனுமதிக்கப்படுகிறது. ஆயுத பூசையன்று பிற்பகல் இரண்டு முதல் இரண்டரை வரை, உரிமையாளரும் குடும்பத்தினரும், தீ, புகை இல்லாமல். மச்சான் எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

"எந்த வருசத்து ஆயுத பூசை?" என்றார்.

கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "வருசம் போடல."

"அப்ப எல்லா வருசமும்."

"சட்டப்படி பாத்தா அப்பிடித்தான் மச்சான்."

"அப்ப இந்தத் தடவ பூவ நான் புடிச்சுக்கிறேன்," என்றாள் மனைவி.

பழக்க தோஷத்தால் பேனாவை எடுத்துக் கடிதத்தின் மேல் மூலையில் குறித்தேன்: பெறப்பட்டது, தை மாதம், பூசத்துக்கு முந்திய நாள்.